நத்தை வளர்த்த கதை

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் இருபது வேலையாட்கள் இருந்தார்கள் என்று சொன்னால் வாசகர்கள் பொறாமைப்படக் கூடும். நாவல் எழுதிப் பிழைக்கிறவன் வீட்டில் இருபது பேரா, பதிப்பாளர்கள் அவ்வளவு தாராளமாகவா பணம் கொடுக்கிறார்கள் என்று சந்தேகமும் எழக் கூடும். இரண்டும் வேண்டாம். அந்த இருபது பேரில் பன்னிரண்டு பேர் நத்தைகள். எட்டுப் பேர் நண்டுகள். சம்பளம் கிடையாது. சாப்பாடும் கிடையாது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பினால் வந்த வினையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர்ப் பக்கம் இருக்கிறது. கூடத்தில் என் புத்தக அலமாரி நின்ற இடத்தில் 2021-ஆம் ஆண்டு என் மகன் நான்கடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். புத்தகங்கள் பரணுக்குப் போயின. "சாதாரண மீன் தொட்டி இல்லைப்பா. இது கடல். ஒரு சின்னப் பவளப்பாறை" என்றான். பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்த்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு வீடு திரும்புகிற பிள்ளை, தனக்கென்று ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே பொருள் அது. நான் ஆட்சேபிக்கவில்லை.

கடல் என்று சொல்லிவிட்டால் போதுமா? உப்பு வேண்டும். ஒரு லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் வீதம், 200 லிட்டருக்கு ஏழு கிலோ. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்து போய் உப்பு அள்ளினார். என் மகன் உட்கார்ந்த இடத்தில் கூரியரில் வரவழைத்தான். அது சமையல் உப்பும் அல்லவாம். சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம் முதலியவை கடலில் இருக்கிற அளவிலேயே கலந்த விசேஷ உப்பு. அது இல்லாவிட்டால் நத்தை தன் ஓட்டைக் கட்டிக்கொள்ள முடியாதாம்.

"பறவை பறந்து போனால் பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை, ஈஞ்சம்பாக்கத்திலே கடல் சும்மா கிடக்குது. இவன் காசு கொடுத்துக் கடல் பண்றானே!" என்றாள் என் மனைவி.

"அந்தத் தண்ணியை ஊத்தினா எல்லாம் செத்துப் போகும்மா. கரையோரத்திலே சேறும் சாக்கடையும்தான்" என்றான் அவன். அவள் வாயடைத்துப் போனாள். எனக்குச் சற்று வருத்தமாகக்கூட இருந்தது. ஈஞ்சம்பாக்கத்துக் கடலைப் பற்றி நான் இரண்டு நாவல்களில் புகழ்ந்து எழுதியிருக்கிறேன்.

பவளப்பாறை என்றானே தவிர, தொட்டியில் பவளம் ஒரு துணுக்குக்கூடக் கிடையாது. பாறை கட்டும் பவளப் பூச்சிகளை 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலி இருக்கிற அதே அட்டவணை! கூடத்தில் பவளம் வைப்பதும் கொல்லையில் புலி கட்டுவதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். சட்டம் கடுமையாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்குமாகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில், பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்கு அடியில் போய்விட்டன. நம் முன்னோர் எத்தனையோ பேர் வெற்றிலையில் தடவிக்கொண்டது ஒரு தீவின் துண்டாக இருந்திருக்கும். இந்த விவரமெல்லாம் மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆகவே பீங்கான் மாதிரி சுட்டுச் செய்த செயற்கைப் பாறையை அடுக்கினான். கோமாளி மீன் என்று ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்களை வாங்கி விட்டான். அவை கடலில் பிடித்தவை அல்ல; தொட்டியிலேயே குஞ்சு பொரித்து வளர்த்தவை. மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் நம் விஞ்ஞானிகள் அந்த வித்தையில் நன்றாகத் தேர்ந்திருக்கிறார்கள்.

மூன்றாவது வாரம் தொட்டி முழுவதும் பழுப்பாகத் தூசி படிந்தது. பிறகு பச்சைப் பாசி. கண்ணாடிக்குப் பின்னால் மீன் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மீன் தின்றது போக மிஞ்சிய தீனியும் மீனின் கழிவும் அம்மோனியாவாகி, அதைக் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் படிப்படியாக நைட்ரேட் ஆக்குகின்றன. அதற்குமேல் விளக்கு வெளிச்சமும் சேர்ந்தால் பாசிக்குக் கொண்டாட்டம். வயலுக்கு உரம் போட்ட மாதிரி. "துப்புரவு ஆட்களை விடணும்" என்றான் மகன். கொளத்தூரில் அலங்கார மீன் கடைகளுக்குப் பஞ்சமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் இருபது பேரையும் பிளாஸ்டிக் பைகளில் அழைத்து வந்தான்.

வந்தவர்களை அப்படியே தொட்டியில் விட்டுவிடக் கூடாது. உப்பின் அளவு திடீரென்று மாறினால் நத்தை தாங்காது. ஒரு வாளியில் வைத்து, குழாய் வழியாகத் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் விட்டான். ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றுகிறார்களே, அந்த மாதிரி. என் மனைவி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். புது மருமகள் வரும்போது ஆரத்தி எடுத்து உள்ளே அழைக்கிறவர்களுக்கு இது ஒன்றும் விநோதமாகத் தோன்றாது.

நத்தைகளில் மூன்று ஜாதி. தலைப்பாகை கட்டின மாதிரி உருண்டு திரண்டவர்கள் ஐந்து பேர். மேல்மாடி ஆசாமிகள் நான்கு பேர். கடலில் இவர்கள் அலை வந்து வந்து போகிற பாறை விளிம்பில் இருப்பவர்கள். தாம்பரத்தில் வேலை ஏற்றமும் இறக்கமும் ஏது? ராத்திரியில் நீர் மட்டத்துக்கு மேலே ஏறிக் கண்ணாடி விளிம்பில் ஒட்டிக்கொண்டு, வராத அலைக்காகக் காத்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் விளிம்பையும் தாண்டித் தரைக்கு இறங்கி, என் செருப்புக்கு அருகிலேயே காய்ந்து உயிரை விட்டார். மூன்றாவது ஜாதி மணலுக்குள் புதைந்து தூங்குகிற மூவர். மீனுக்குத் தீனி போட்ட அரை நிமிஷத்தில், மணலிலிருந்து யானைத் துதிக்கை மாதிரி மூன்று குழாய்கள் எழும்பும். பிறகு ஆட்கள் எழும்புவார்கள். பந்தியில் இலை போடுவதை மோப்பம் பிடித்து வந்துவிடும் உறவுக்காரர் ஒருவர் எங்கள் குடும்பத்தில் உண்டு. அவர் ஞாபகம் வரும்.

கண்ணாடியைத் துடைக்கிற வேலை தலைப்பாகைக்காரர்களுடையது. நத்தையின் நாக்கு ஓர் அரம். அதில் வரிசை வரிசையாகப் பல் இருக்கிறது. விளக்கின் முன்னால் கண்ணாடியில் அவர் ஊர்ந்து வரும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் வாய் திறந்து மூடுவதும், நாக்கு ஒரு தரம் வழித்து எடுப்பதும் தெளிவாகத் தெரியும். பச்சைக் கண்ணாடியில் அவர் போன வழி, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவன் மட்டைக் கோடு போல வளைந்து வளைந்து வெள்ளையாகக் கிடக்கும். அவர்களில் பெரியவருக்கு என் மனைவி 'மேஸ்திரி' என்று பெயர் வைத்தாள். அவர் அபார உழைப்பாளி. ஆனால் மல்லாந்து விழுந்துவிட்டால் தானாக எழுந்திருக்கத் தெரியாது. காலையில் எழுந்ததும் மேஸ்திரி நேராக இருக்கிறாரா என்று பார்ப்பது எங்கள் வழக்கமாயிற்று.

நண்டுகளைத் துறவி நண்டு என்கிறார்கள். இங்கிலீஷ்காரன் வைத்த பெயரை நாம் அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டோம். இந்தத் துறவியை இரண்டு நாள் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் அந்தப் பெயரை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். முன்பாதி மட்டும்தான் கவசம். பின்பாதி வயிறு தோலுரித்த வாழைப்பழம் மாதிரி மெத்தென்று சுருண்டிருக்கும். அதை மறைக்க யாரோ ஒரு நத்தை கட்டின வீடு தேவை. உடம்பு வளர வளரப் பெரிய வீடு தேவை. ஆகவே இந்தத் துறவி ராப்பகல் வேறு எதையும் தியானிப்பதில்லை. 'வீட்டு மனை விற்பனைக்கு' என்று கம்பத்துக்குக் கம்பம் விளம்பரம் தொங்குகிற வேளச்சேரி சாலையில் குடியிருக்கத் தகுந்த ஜந்து இதைப் போல வேறு இல்லை.

ஒரு நாள் காலையில் என் மனைவி அலறினாள். மணலில் ஒரு நண்டு கால்களைப் பரப்பிக்கொண்டு, வீட்டை விட்டு வெளியே செத்துக் கிடந்தது. அவளே கரண்டியால் எடுத்து, துளசி மாடத்துக்கு அருகே பள்ளம் தோண்டிப் புதைத்தாள். சாயங்காலம் எண்ணினால் எட்டு! மறுபடி எண்ணினோம். எட்டுதான். நண்டு சட்டையை உரித்துப் போட்டிருக்கிறது. நாங்கள் சட்டைக்கு ஈமக்கடன் செய்திருக்கிறோம். மகன் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அவன் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

2023 ஜூன் மாதம் அவனுக்கு டொராண்டோவில் வேலை கிடைத்தது. தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றான். நான்தான், "இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். அவன் இரண்டு பக்கம் குறிப்பு எழுதிக் கொடுத்தான். ஆவியாகிப் போகிற தண்ணீருக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாவதில்லை. செம்புக் குடத்துத் தண்ணீர் கூடவே கூடாது. மீனுக்கு மருந்தாகிற செம்பு, நத்தைக்கும் நண்டுக்கும் விஷம். இப்படிப் பதினெட்டு விதிகள். பதினெட்டையும் வழுவாமல் காப்பாற்றினேன். பத்தொன்பதாவதாக ஒன்றை நானே சேர்த்துக்கொண்டேன். அதுதான் வினை.

கண்ணாடி துடைக்க ஒரு காந்தம் உண்டு. ஒரு பாதி உள்ளே, ஒரு பாதி வெளியே. வெளியே இழுத்தால் உள்ளே இருப்பது பாசியைச் சுரண்டிக்கொண்டே வரும். மகன் மாதம் ஒரு தரம் தொடுவான். நான் தினமும் காலையில் காபி குடித்ததும் நாலு பக்கமும் துடைத்தேன். எழுத்தாளனுக்குக் காலையில் எழுதாமல் இருப்பதற்கு ஒரு காரணம் கிடைத்தால் விடுவானா? எதிர் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "கண்ணாடி இருக்கிறதே தெரியலையே சார்!" என்றார். அந்த வார்த்தைக்காகவே மறுநாள் இரண்டு தரம் துடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மகன் வீடியோவில் கூப்பிடுவான். முதல் கேள்வி, "தொட்டி எப்படி இருக்கு?" எங்களைப் பற்றிய கேள்வி மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரும். நான் செல்போனைத் தொட்டிக்கு நேரே பிடிப்பேன். கண்ணாடி பளபளக்கும். பையன் ஊரை விட்டுப் போனாலும் அவன் கடல் கெடவில்லை என்று அவனுக்குக் காட்டுவதில் எனக்கு ஒரு கர்வம்.

செப்டம்பரில் ஒரு காலை. மேஸ்திரி பாறையின் மேல் இருந்தார். நேராகத்தான் இருந்தார். நான் காந்தத்தை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் பாறையின் அடுத்த முனையில் இருந்தார். நத்தை இவ்வளவு வேகமாக நடக்காதே! கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். மேஸ்திரிக்குக் கால்கள் முளைத்திருந்தன. மணலில், வெள்ளைக் கல் பொத்தான் மாதிரி அவருடைய மூடி கிடந்தது. இந்த ஜாதி நத்தை உள்ளே போனதும் வாசலைச் சாத்திக்கொள்கிற மூடி அது. வீடு போய்விட்டது; கதவு மட்டும் கிடந்தது.

எனக்கு ஆத்திரம் வந்தது. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின்படி வரிசைப்படுத்தியிருக்கிறார். நத்தை இனம் இரண்டறிவு, நண்டு நான்கறிவு, மனிதர் ஆறறிவு. (மணலுக்குள் தூங்குகிற நம் மூவர் மோப்பம் பிடித்து எழுந்து வருவதைப் பார்த்திருந்தால் நத்தைக்கு இன்னும் ஓர் அறிவு கூட்டிக் கொடுத்திருப்பார்.) இரண்டறிவுள்ள அப்பாவியை நான்கறிவுள்ளவன் வீட்டுக்காகக் கொன்றுவிட்டான்! இதைவிடப் பொருத்தமான சிறுகதை தாம்பரத்தில் கிடைக்குமா? மனத்துக்குள் தலைப்புக்கூடப் போட்டுவிட்டேன்.

அன்று ஞாயிறு அல்ல. ஆனாலும் மகனைக் கூப்பிட்டேன். அங்கே நடுநிசி. கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். "தொட்டியைக் காட்டுங்கப்பா" என்றான். காட்டினேன். "மத்த நாலு பேர் எங்கே?" காட்டினேன். இரண்டு பேர் மூலையில் மணலில் ஓய்ந்து கிடந்தார்கள்.

"அப்பா, கண்ணாடியை எத்தனை நாளைக்கு ஒரு தடவை துடைக்கறீங்க?"

சொன்னேன்.

"அப்போ அவங்க எதைச் சாப்பிடுவாங்க?"

இந்தக் கேள்விக்கு ஆறறிவிலிருந்து ஒரு பதிலும் வரவில்லை. பாசி எனக்கு அழுக்கு. அவர்களுக்கு அது சோறு. அவர்கள் எனக்காக வேலை செய்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன், அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதமாக நான் காபி குடித்துவிட்டு அவர்கள் தட்டைக் கழுவி வைத்திருக்கிறேன். சுத்தமான தொட்டியில் இந்த நத்தைகள் பட்டினியால் சாவது சர்வசாதாரணமாம். உடனே சாகமாட்டார்களாம், வாரக்கணக்கில் மெலிந்து, பிடி தளர்ந்து, ஒரு நாள் பாறையிலிருந்து விழுவார்களாம். நண்டு கொன்றிருக்கலாம்; செத்த பின் வீட்டை எடுத்துக்கொண்டிருக்கலாம். மகன் யாரையும் குற்றம் சொல்லவில்லை. "விடுங்கப்பா, எனக்கும் முதல்லே தெரியாதுதான்" என்றான். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. என் மனைவி அதற்குள் பசலைக்கீரையை வெந்நீரில் போட்டு எடுத்து, ஒரு கல்லில் நூலால் கட்டித் தொட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள். தாமதமாகிவிட்டது. மூலையில் கிடந்த இரண்டு பேரும் அந்த மாதத்துக்குள் போய்விட்டார்கள். மூன்று கதவுகளையும் என் பேனா வைக்கிற தட்டில் போட்டு வைத்திருக்கிறேன்.

காந்தத்தைப் பரணில் புத்தகங்களோடு வைத்தேன். முன்பக்கத்துக் கண்ணாடியை மட்டும் பத்து நாளைக்கு ஒரு தரம் பழைய துணியால் துடைப்பது. மற்ற மூன்று பக்கமும் அவர்களுடையவை என்று முடிவு செய்தோம்.

காலி வீடுகள் சில கிடந்தால் நண்டுகள் நத்தையிடம் வம்புக்குப் போகாது என்று மகன் சொல்லியிருந்தான். என் மனைவி முதலில் பல்லாங்குழிப் பெட்டியிலிருந்து சோழிகளை எடுத்துப் போட்டாள். நண்டுகள் ஒவ்வொன்றாக வந்து, கொடுக்கை உள்ளே விட்டு அளந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன. வாசல் குறுகல், யாருக்குப் பிடிக்கும்? அக்டோபரில் ஒரு நாள் கோவளம் கடற்கரைக்குப் போனோம். புடவைத் தலைப்பு நிறையச் சிப்பியும் சங்குமாகப் பொறுக்கிக்கொண்டு வந்தவள், பாதி வழியில் நின்றுவிட்டாள். காலடியில் ஒரு நண்டு ஓடியது. அது முதுகில் சுமந்துகொண்டிருந்தது ஒரு சோடா பாட்டிலின் பிளாஸ்டிக் மூடி. நீல நிறம். அவள் ஒன்றும் பேசாமல் தலைப்பை உதறிக் கீழே கொட்டிவிட்டு வந்தாள். அடுத்த வருஷம் நான் ஒரு செய்தி படித்தேன். போலந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள், உலகத்தார் இன்டர்நெட்டில் போட்ட புகைப்படங்களைத் தேடிப் பார்த்து, இப்படி நம் குப்பையில் குடியிருக்கும் 386 நண்டுகளைக் கண்டு எழுதியிருந்தார்கள். தரையில் வாழும் துறவி நண்டு இனங்கள் பதினாறில் பத்துக்கு இந்தக் கதியாம். ஆகவே செத்த நத்தைகள் இருவர் விட்டுப்போன வீடுகளையே மணலில் வைத்தோம். அன்று ராத்திரி நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். பெரிய நண்டு ஒன்று புதுவீட்டின் அருகில் வந்து நின்றது. அதன் பின்னால் அதைவிடச் சிறியது. அதன் பின்னால் இன்னும் சிறியது. முதலாவது பழைய வீட்டை விட்டுப் புதியதற்குள் வழுக்கிப் புகுந்த அதே கணத்தில், இரண்டாவது அதன் பழைய வீட்டுக்கும், மூன்றாவது இரண்டாவதன் வீட்டுக்கும் மாறின. சண்டை இல்லை, அட்வான்ஸ் இல்லை, பால் காய்ச்சவும் இல்லை. கண் மூடித் திறப்பதற்குள் மூன்று கிரகப்பிரவேசம்.

டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. 2023 டிசம்பர் 3-ஆம் தேதி ராத்திரி பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. திங்கட்கிழமை விடியற்காலை மின்சாரம் போயிற்று. இன்வெர்ட்டர் மத்தியானம் வரை தாங்கியது. பிறகு பம்ப் நின்றது. அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் இரண்டு வருஷமாக அந்தச் சத்தத்தோடு குடியிருந்திருக்கிறோம் என்று தெரிந்தது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். செல்போனில் கோடு ஒன்றுகூட இல்லை.

மாலையில் மெழுகுவர்த்தியைத் தூக்கிப் பார்த்தேன். நத்தைகள் எல்லோரும், மணலில் தூங்குகிற மூவர் உட்பட, நீர் மட்டத்துக்கு ஏறி வரிசையாக நின்றார்கள். நண்டுகள் பாறை உச்சியில். நீரில் பிராணவாயு குறைந்துவிட்டது. மகனின் குறிப்பில் பதினைந்தாவது விதி: சொம்பால் மொண்டு உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றவும். ஊற்றினோம். கால் மணிக்கு ஒரு தரம், ஆளுக்கு ஐம்பது சொம்பு. எவர்சில்வர் சொம்பு, செம்பு அல்ல. என் மனைவிக்குத் தோள் வலி. கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாதவள். "நீ படு" என்றால் கேட்கவில்லை. "அவன் வந்து பார்த்தா நான் என்ன பதில் சொல்றது?" என்றாள். அவன் இரண்டு வருஷத்துக்கு வரப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். ராத்திரி முழுதும் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. வெளியே மழை, உள்ளே சொம்புச் சத்தம்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை இருவரும் எப்படியோ கண்ணயர்ந்துவிட்டோம். விழித்துப் பார்த்தபோது கோமாளி மீன்களில் ஒன்று இல்லை. தேடினோம். பாறையின் கீழே இரண்டு நண்டுகளும் மணல்காரர்கள் மூவரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் முள் மட்டும் இருந்தது. என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் செத்த மீன் அழுகியிருந்தால், ஓட்டமில்லாத அந்தத் தண்ணீரில் அடுத்த மீனும் மற்றவர்களும் பிழைத்திருப்பது கஷ்டம் என்று பின்னால் மகன் சொன்னான். அவர்களை வேலையாட்கள் என்று சொல்வதானால், அந்த இரண்டு நாளில் வேலை செய்தவர்கள் அவர்கள்தாம்.

புதன்கிழமை சாயங்காலம் மின்சாரம் வந்தது. செல்போனுக்கும் உயிர் வந்தது. அந்தக் கணமே அடித்தது. "அப்பா! நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கீங்க?" குரல் உடைந்திருந்தது. இரண்டு நாளாகத் தூங்கவில்லையாம். நான் வழக்கம்போல் செல்போனைத் தொட்டிப் பக்கம் திருப்பினேன். "தொட்டி கிடக்கட்டும்பா, அம்மாவைக் காட்டுங்க" என்றான். அவள் முகத்தை நேரே பிடித்தேன். அவள், "நத்தை எட்டுப் பேரும் நல்லா இருக்காங்கடா" என்று மட்டும்தான் சொன்னாள். அதற்குமேல் பேச வரவில்லை.

தண்ணீர் வடிந்ததும் தெருவெல்லாம் சேறு. துப்புரவுக்காரர்கள் வந்தார்கள், வெளியூரிலிருந்து லாரியில் வந்தவர்களும் இருந்தார்கள். எங்கள் தெருவில் வழக்கமாகப் பெருக்குகிற அம்மாளும் வந்திருந்தார். நாலு வருஷமாக அவர் வருகிறார். அவர் பெயர் என் மனைவிக்குத் தெரியும், எனக்கு அன்றுதான் தெரிந்தது. காபி வாங்கிக்கொள்ளத் திண்ணைக்கு வந்தவர், ஜன்னல் வழியாகத் தொட்டியைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, நத்தையா? இத எதுக்கு வளர்க்கறீங்க?"

"அழுக்கைத் தின்னும்" என்றேன் நான்.

"தின்னு தீர்ந்துட்டா?"

"பட்டினிதான். செத்துப்போகும்."

அந்த அம்மாள் காபியை ஊதிக்கொண்டே தெருவைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப எங்களுக்கு அந்தக் கவலையே இல்ல சார். இந்த ஊர்ல அது தீரவே தீராது" என்று சொல்லிச் சிரித்தார். டம்ளரை அலம்பி வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். நாவலாசிரியன் என்று பெயர்தான்; எனக்கு ஒரு பதிலும் தோன்றவில்லை.

பொங்கலுக்கு உறவினர்கள் வந்திருந்தார்கள். பந்தியை மோப்பம் பிடிக்கிறவர் என்றேனே, அவரும் வந்தார். போகிக்குப் பழையது கழித்து வீடு முழுதும் ஒட்டடை அடித்துப் பளிச்சென்று இருந்தது. அவர் தொட்டியைச் சுற்றிப் பார்த்தார். முன்பக்கம் சுத்தம்; மற்ற மூன்று பக்கமும் பச்சைப் பட்டு போர்த்திய மாதிரி பாசி. தலைப்பாகைக்காரர்கள் இருவரும் பின்கண்ணாடியில் நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, இவ்வளவு சுத்தம் பண்ணினவ இதையும் ஒரு துடை துடைக்கக் கூடாதா?" என்று சொல்லிக்கொண்டே அவர் மேல்துண்டை எடுத்தார்.

"கையை எடுங்க மாமா" என்றாள் என் மனைவி சமையலறையிலிருந்தே. "அவங்க இன்னும் சாப்பிட்டு முடிக்கல."